மிச்ச ரிசோத்தோவும் அக்காவின் நாற்பது உருண்டைகளும்

1

அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது குசினியில் இருந்தவர்கள்: அக்கா, அத்தான், நான். இல்லாதவர்: கடிதம் யாரைப் பற்றியதோ அவர். அக்காவின் மகள் அபிநயா, வயது பதின்மூன்று, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தொலைபேசியில் யாருடனோ பிரெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு பரிஸ் நகரின் லா சப்பலில், ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறது. இரண்டு அறைகள், நான்கு பேர். தனிமை வேண்டுமென்றால் குளியலறைக்குத்தான் போகவேண்டும். அபி அங்கேயே குடிபோய் ஒரு வருடமாகிறது.

கடிதம் தபாலில் வரவில்லை. அவளுடைய ஜீன்ஸ் பையிலிருந்து வந்தது. உடுப்பை மெசினுக்குள் போடமுன் எல்லாருடைய பைகளையும் துழாவிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். அத்தானின் பையில் சில்லறையும் என் பையில் முள்ளுக்கரண்டியும் அகப்படும். அன்றைக்கு மகளின் பையில் எட்டாய் மடித்த கடதாசி ஒன்று அகப்பட்டது.

"தம்பி, இதை ஒருக்கா வாசி. பள்ளிக்கூடத்துச் சீல் அடிச்சுக் கிடக்கு."

வாசித்தேன். இத்தாலிய மொழி படிக்கும் வகுப்பைச் சிசிலிக்குச் சுற்றுலா கூட்டிப்போகப் போகிறார்கள். அதற்குக் காசு சேர்க்க வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் சாப்பாட்டு விற்பனை. ஒவ்வொரு குடும்பமும் இத்தாலியப் பண்டம் ஏதாவது செய்து கொண்டுவரலாம். கடைசியில் ரீச்சர் பேனையால் தன் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தார்: அபிநயாவின் மாமா ஓர் இத்தாலிய உணவகத்தின் சேஃப் என்று அறிந்து மகிழ்கிறோம். அவர் நாற்பது அரஞ்சினி தர ஒப்புக்கொண்டதற்கு முன்கூட்டியே நன்றி.

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆரடாப்பா அந்த மாமா?"

"அவளுக்கு இருக்கிறது ஒரு மாமாதானே, அத்தான்."

"நீ எப்ப சேஃப் ஆனனீ?"

"எனக்கும் இப்பதான் தெரியும்."

நான் இத்தாலிய உணவகத்தில் வேலை செய்வது உண்மை. சேஃப் அங்கே சமையலுக்குத் தலைவர்; நான் பாத்திரம் கழுவுகிறேன். இரண்டு வருடமாய் இடைக்கிடை சலாட் வெட்டவும் விடுகிறார்கள்.

"அதென்ன அரஞ்சினி?" என்றாள் அக்கா.

"மிஞ்சின ரிசோத்தோச் சோத்தை ஆறவைச்சு உருட்டி, நடுவிலை சீஸோ இறைச்சியோ வைச்சு மூடி, முட்டையிலை தோய்ச்சு, பாண்தூளிலை புரட்டிப் பொரிக்கிறது."

"அப்ப சோத்துக் கட்லட்."

ஒரு தேசத்தின் பண்பாட்டை இவ்வளவு சுருக்கமாய் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா கடதாசியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு திருப்பித் தந்தாள்.

"தாய் தேப்பன் வரலாமெண்டு எங்கையும் போட்டிருக்கோ?"

"குடும்பத்தினர் அன்புடன் வரவேற்கப்படுகின்றனர் எண்டு கிடக்கு."

"இன்னொருக்கா வாசி."

2

நான் பிரான்சுக்கு வந்து எட்டு வருடம் முடிந்த கிழமை அது. 2010இல் வந்தேன். வந்த காரணத்தை ஊரில் இருந்து வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அகதிகள் அலுவலகத்துக்குச் சொல்லத்தான் இரண்டு வருடம் எடுத்தது.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துக்குப் பதிலாய்ப் பெருவிரல் வைப்பவர். இந்தப் பெருமை ஊரில் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தது. பரிஸில் அது என்னை வீட்டின் கடிதப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆக்கியது. வரிக் கடிதம், வைத்தியரின் சீட்டு, மெசின் பழுதானால் அதனுடைய கையேடு, வீட்டுக்காரரின் மிரட்டல் எல்லாம் என்னிடம்தான் வரும். வந்த புதிதில், மின்சாரக் கட்டணத்தின் அடியில் இருந்த ஒரு வரியைப் பாராட்டு என்று நினைத்து அத்தானுக்குக் கைகொடுத்தேன். மறுகிழமை கரண்ட் நின்றது. அத்தான் ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை இறக்குகிறவர். மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, "படிச்ச பெடியன் வீட்டிலை இருக்கிறது எவ்வளவு வெளிச்சம்" என்றார்.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்து போன ஊரில் இரண்டு பேரைப் பள்ளிக்கூடம் அனுப்பக் காசில்லாமல் ஒருவரை அனுப்பினார்கள். யாரை என்று யாரும் கூடி யோசித்ததாய் எனக்கு ஞாபகம் இல்லை. அவள் என்னைச் சைக்கிளின் பின்னுக்கு ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவாள். மத்தியானம் வந்து மதிலுக்கு வெளியே நிற்பாள். நாலு வருடம் நின்றாள். பிறகு பிரான்சில் மகளைக் கூட்டிப்போய் விட்டபோதும் இரும்புக் கேற்றுக்கு வெளியேதான். சின்னப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மார் வாசலுக்கே வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அபி சொல்லிவிட்டாள், வாசலுக்கும் வரவேண்டாம் என்று.

பெற்றோர் கூட்டங்களுக்கு நான்தான் போகிறேன். "மாமா வந்தாக் காணும், அவருக்குப் பிரெஞ்ச் தெரியும்" என்பது அபியின் ஏற்பாடு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சை வைத்து மூன்று வருடம் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒருமுறை கணக்கு ரீச்சர் என்னைத் தகப்பன் என்று நினைத்து, வீட்டில் அன்பு போதாது போலிருக்கிறது என்று கண்டித்தார். அதற்கும் தலையாட்டினேன். அக்காவிடம் வந்து, "கணக்கு கொஞ்சம் பாக்கட்டாம்" என்றேன்.

3

குளியலறைக் கதவு திறந்தது. அபி தலையில் துவாயோடு வந்து மேசையில் கடதாசியைக் கண்டாள். கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"நில்," என்றாள் அக்கா. "மாமாவைச் சேஃப் ஆக்கினது ஆர்?"

அபி பிரெஞ்சில் பதில் சொன்னாள். சொன்னதன் சுருக்கம்: வகுப்பில் ஒருத்தியின் தாய் வைத்தியர், இன்னொருத்தியின் தகப்பன் தொலைக்காட்சியில் வேலை. உன்னுடைய வீட்டில் என்ன என்று கேட்டார்கள். வாயில் வந்தது அதுதான்.

"கொப்பர் கடை வைச்சிருக்கிறார் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் அத்தான்.

"நீங்கள் கடை வைச்சிருக்கேல்லை, பப்பா. மூட்டை வைச்சிருக்கிறீங்கள்."

அன்றைக்கு அதுவரை அவள் தமிழில் சொன்ன வசனம் அது ஒன்றுதான். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

"சரி, நாப்பதும் நான் செய்து தாறன். சனிக்கிழமை நானும் வாறன்."

"Non, maman."

அம்மாவுக்குச் சொன்ன அந்த 'நோ'வில் கோபம் இல்லை. பஸ்ஸில் இடமில்லை என்று சொல்லுகிற சாரதியின் குரல் அது. பிறகு சமாதானமாய், தேவையில்லை, களைத்துப்போவாய், அங்கே உனக்குச் சலிக்கும் என்றெல்லாம் அடுக்கினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். விளங்கியது பாதியாக இருக்கும். விளங்காத பாதிதான் முக்கியம் என்று அவளுக்குத் தெரியும்.

"உருண்டை பொரிக்கிற ஆள் வராட்டி உருண்டையும் வராது. போய் உன்ர ரீச்சரிட்டைச் சொல்லு, மாமாவுக்குக் காய்ச்சல் எண்டு."

பேச்சுவார்த்தை இரவுச் சாப்பாடு வரை நீண்டது. மூன்று நிபந்தனைகளோடு ஒப்பந்தமானது. ஒன்று: அம்மா வரலாம், ஆனால் யாரோடும் கதைக்கக்கூடாது. இரண்டு: அப்பா வந்தால் கடைப்பெயர் போட்ட ஜக்கெற்றோடு வரக்கூடாது. மூன்று: மாமா சேஃப் சட்டை போடவேண்டும்.

"எனக்குச் சேஃப் சட்டை இல்லையே," என்றேன்.

"சேஃபிட்டை இருக்கும்தானே," என்றாள் அபி.

4

எங்கள் உணவகத்தில் இத்தாலியரைத் தேடினால் சுவரில் மாட்டிய ஒரு படத்தில் மட்டும் இருப்பார்கள். சேஃப் குகன் அண்ணை, ஊர் யாழ்ப்பாணத்துச் சுழிபுரம். இருபது வருடமாய் ரிசோத்தோ கிண்டுகிறார், இத்தாலியை விமானத்தில் போகும்போது மேலிருந்து பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் 'சிசிலிப் பக்கம்' என்பார். சிசிலியும் இலங்கையும் தீவுதானே என்பது அவருடைய நியாயம்.

நான் போய் விசயத்தைச் சொன்னேன்.

"டேய் தம்பி, பொய் சொன்னது உன்ர மருமகள். சட்டை என்ரை. மிச்சச் சோறும் என்ரை. நீ என்னடா கொண்டுவாறாய்?"

"சட்டையைத் தோய்ச்சுத் தருவன், அண்ணை."

"அரஞ்சினிக்கு மிச்சம் வேணும். இஞ்சை மிச்சம் வாறேல்லை. வந்தால் முதலாளி என்னை வைச்சிருக்கமாட்டான்." கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஞ்சிறமாதிரிப் போடுவம்."

அப்படித்தான் மூன்றரைக் கிலோ ரிசோத்தோ திட்டமிட்டு மிஞ்சியது. கோழி அவித்த சாறு, வெண்ணெய், வெள்ளை வைன், பார்மேசான் சீஸ், குங்குமப்பூ. மஞ்சளாய், ஒழுகுகிற பதத்தில், புக்கையை, அதாவது பொங்கலை, பதம் வரமுன் இறக்கியதுபோல இருக்கும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மயோனைஸ் வந்த வாளி ஒன்றைக் கழுவி அதற்குள் அள்ளிப் போட்டார்.

"கொண்டுபோய்க் குளிரிலை வை. விடிய இறுகிக் கிடக்கும். இறுகினால்தான் உருளும். வேறை ஒண்டும் செய்யாதை, விளங்கிச்சோ? ஒண்டும்."

எனக்கு விளங்கியது. நாலு மணிக்கு வாளியை அக்காவிடம் கொடுத்தேன். "குளிரிலை வையுங்கோ" என்றேன். இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடினேன். 'ஒண்டும் செய்யாதை' என்ற பாதியைச் சொன்னேனா என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

5

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாளி மூடியைத் திறந்தேன். மேலே மஞ்சள் நிறத்தில் தண்ணீர் நின்றது. அதன்மேல் வெண்ணெய் வட்டம் வட்டமாய் உறைந்து மிதந்தது. விரலை விட்டேன். அடியில் எங்கேயோ சோறு இருந்தது.

"அக்கா... இதுக்கை தண்ணி ஆர் விட்டது?"

"நான்தான்," என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி. "ஏன்?"

"ஏன் விட்டனீங்கள்?"

"மிச்சச் சோத்துக்குத் தண்ணி விடாமல் பின்னை என்னத்தை விடுறது? காய்ஞ்சு கல்லாய்ப் போகாதோ?"

"கல்லாய்ப் போகத்தான் வேணும்!"

அக்கா திரும்பினாள். மிச்சச் சோற்றைக் கண்டால் அவளுடைய கை தானாய்த் தண்ணீர் வார்க்கும். வெள்ளிக்கிழமை விரதம், கோழிச்சாறு கலந்த சோறு என்பதால் விரலில் தொட்டு நாக்கில் வைத்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெண்ணெயும் சீஸும் பிடிபட்டிருக்கும், கை நின்றிருக்கும். ஆக, ஒரு விரதமும் ஒரு வழக்கமும் சேர்ந்து சிசிலியின் பெருமையைப் பழஞ்சோறு ஆக்கிவிட்டன.

அத்தான் எழும்பி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டால் அந்தமாதிரி ருசியாய் இருக்கும்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ." அக்கா வாளியை மூடியால் மறைத்தாள். "பெட்டைக்குச் சொல்லாதை, தம்பி. சொன்னால் இனி என்னை ஒரு இடமும் விடமாட்டாள்."

அவள் பயந்தது உருண்டைக்கு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு மணித்தியாலம் இருந்தது. குகன் அண்ணைக்குப் போன் அடித்தேன். நித்திரையில் இருந்தார். சொன்னதை இன்னொருதரம் சொல்லவைத்தார். பிறகு லைன் முழுக்கச் சிரிப்பு.

"இருபது வருசமாய்க் குசினியிலை நிக்கிறன், ரிசோத்தோவுக்குத் தண்ணி விட்டவளை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். கொக்காவைக் கும்பிட்டனெண்டு சொல்லு."

"இப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"பழஞ்சோறு பிழியத் தெரியும்தானே? பிழியச் சொல்லு. நல்லாய்ப் பிழியவேணும். பசை எல்லாம் போயிருக்கும், உருளாது. உங்கட கட்லட்டுக்கு என்ன போடுவா?"

"உருளைக்கிழங்கு."

"அதைப் போடு. சீஸும் கொஞ்சம் கூடப் போடு. இனி அது சிசிலியும் இல்லை, சுழிபுரமும் இல்லை. பேர் கேட்டால் என்ரை பேரைச் சொல்லாதை."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். லா சப்பலில் இருந்து புறநகர்த் திரான்சி வரைக்கும் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் முன்னூறு கட்லட்டுக்கு அக்காவிடம்தான் வருவார்கள். உருட்டுகிற விசயத்தில் அவளுக்கு ஆலோசனை தேவையில்லை. நான் 'கிழங்கு' என்ற சொல்லைச் சொல்லி முடிக்கமுன் கிழங்கு அடுப்பில் ஏறிவிட்டது. அலுமாரியைத் திறந்து அத்தானின் பட்டுக்கரை வேட்டியை எடுத்தாள்.

"ஏய், அது என்ர கலியாண வேட்டி!"

"கலியாணம்தான் முடிஞ்சுதே."

அவள் சோற்றை அதற்குள் கொட்ட, ஒரு முனையை அத்தான் பிடிக்க, மறுமுனையை நான் முறுக்கினேன். மஞ்சள் தண்ணீர் சட்டிக்குள் வடிந்தது. அத்தான் அதை வீணாக்க மனமில்லாமல் ஒரு கோப்பையில் எடுத்து, உப்புப் போட்டு, பச்சைமிளகாய் கடித்துக் குடித்தார்.

"என்னவோ சேந்திருக்கு. நல்லாய்க் கிடக்கு."

"வைன், அத்தான்."

"அதுதானே பாத்தன்."

பிழிந்த சோறு, மசித்த கிழங்கு, முட்டை, சீஸ் எல்லாம் பிசைந்து, நடுவில் மொட்சரெல்லாத் துண்டு வைத்து உருட்டிக்கொண்டே போனாள். இருபத்தெட்டோடு மொட்சரெல்லா முடிந்துவிட்டது. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா பிரிட்ஜைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை யாருடையதோ பிறந்தநாள் கட்லட்டுக்கென்று பிரட்டி வைத்திருந்த ஆட்டிறைச்சியை எடுத்தாள். தூளும் கறிவேப்பிலையும் போட்ட இறைச்சி.

"அக்கா, இது இத்தாலியன்..."

"ஆடு எல்லா ஊரிலையும் ஆடுதான்."

சீஸ் எது, இறைச்சி எது என்று தெரியவேண்டும் என்று நான் பிடிவாதமாய் நின்றேன். அதனால் இறைச்சி வைத்த பன்னிரண்டையும் மோதகம்போலக் கூராய்ப் பிடித்தாள். நான் ஒரு மட்டையில் உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாய் எழுதினேன்: முட்டை, பால், கோதுமை, கோழிச்சாறு, வைன், ஆட்டிறைச்சி, மிளகாய். குளித்துவிட்டு வந்த அபி அதை வாசித்தாள்.

"மாமா, இது சாப்பாடா, மருந்துப் போத்தலா?"

கூரான உருண்டைகளைக் கண்டு முகம் கோணினாள். தண்ணீர் விசயம் அவளுக்குத் தெரியாது. வேட்டி பல்கனியில் மஞ்சளாய் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

6

பத்து மணிக்கு நான்கு பேரும் கேற்றைக் கடந்தோம். நான் குகன் அண்ணையின் வெள்ளைச் சட்டையில். நெஞ்சில் நீல நூலால் 'சேஃப்' என்று தைத்திருந்தது. அவர் என்னைவிட இரண்டு பங்கு. தோள் முழங்கைக்கு வந்துவிட்டது. அத்தான் கலியாண வீட்டுக் கோட்டில். அக்கா மே மாத வெயிலில் குளிர்காலக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். கேற்றின் இரும்புச் சட்டத்தைத் தாண்டும்போது ஒருகணம் நின்று கீழே பார்த்துக் காலை எடுத்து வைத்தாள்.

உள்ளே கண்ணாடிப் பலகையில் வகுப்புப் பட்டியல்கள் ஒட்டியிருந்தன. அக்கா விரலால் ஒவ்வொரு பெயராய்த் தடவிக்கொண்டு போனாள். இருபத்து மூன்றாவது இடத்தில் நின்றாள். அபியின் நீண்ட பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அந்தப் பாதியை மூன்றுதரம் வாசித்தாள்.

"அம்மா, வா," என்றாள் அபி, பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்களுக்கு ஒதுக்கிய மேசை மூலையில் இருந்தது. பக்கத்து மேசைகளில் திராமிசு, பீட்சா, எலுமிச்சைக் கேக். எங்கள் உருண்டைகள் கிழங்கின் புண்ணியத்தில் கொஞ்சம் கூடுதலாய்ச் சிவந்திருந்தன. ஒன்று ஒரு ஈரோ. இருபது நிமிடம் ஒருவரும் வரவில்லை. வந்த ஒரு தாய் என் மட்டையை முழுக்க வாசித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். அபி சிநேகிதிகளோடு தூரத்தில் நின்றாள், எங்களை அறியாதவள்போல. அக்கா ஒப்பந்தப்படி வாயைத் திறக்கவில்லை. உருண்டைகளை மட்டும் திருப்பித் திருப்பி அடுக்கினாள்.

அப்போதுதான் முசியே சவரிராயன் வந்தார். புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் அதே வகுப்பில். தொப்பியைக் கழற்றி அக்காவுக்கு வணக்கம் சொன்னார்.

"தமிழ் ஆளுங்களா? நல்லதாப் போச்சு. இந்தக் கூரா இருக்கிறது ஒண்ணு குடும்மா."

கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்திவிட்டு உருண்டையின் உள்ளே பார்த்தார்.

"தம்பி, இதுல மசாலா இருக்குதே!"

"ஓம், ஐயா. எழுதியிருக்கு," என்று மட்டையைக் காட்டினேன்.

"எழுதினதை யாருய்யா படிக்கிறது? இன்னும் ரெண்டு குடு."

அவருடைய சத்தத்தில் இத்தாலிய ரீச்சர் வந்தார். கூரான உருண்டைகளைக் கண்டதும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தார். தன்னுடைய ஊர் சிசிலியின் கிழக்குப் பக்கமாம், அங்கே இறைச்சி வைத்ததைக் கூராய்த்தான் பிடிப்பார்களாம், பரிஸில் ஒருவரும் இப்படிச் செய்ய அவர் காணவில்லையாம். "சேஃப், இதை எங்கே பழகினீர்கள்?"

பொய் சொல்ல எனக்கு வராது. மெய் சொல்லவும் அபி விடமாட்டாள். "அக்காவிடம்" என்றேன். ரீச்சர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வரிசை வந்தது. ஒரு மணித்தியாலத்தில் தட்டில் ஒரேயொரு கூர் உருண்டை மிஞ்சியது.

7

அந்த ஒன்றுக்கு இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. ஒன்று முசியே சவரிராயனுடையது. மற்றது அத்தானுடையது. விற்க வைத்ததைத் தொடக்கூடாது என்று காலையில் இருந்து அத்தானை அக்கா ஒன்றும் தின்ன விடவில்லை.

"பார்தோன், மன்னிக்கணும், நான்தான் முதல்ல," என்றார் சவரிராயன்.

"நீங்கள் அஞ்சு சாப்பிட்டிட்டியள், ஐயா. நான் எண்ணினனான்," என்றார் அத்தான். "நான் ரெண்டு ஈரோ தாறன்."

"அப்ப நான் மூணு."

"அஞ்சு."

இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச்சங்க விழாக்களில் ஒரு மாம்பழத்தை ஏலம் விட்டால் அது பழமாய் இருப்பது முதல் மூன்று கேள்வி வரைக்கும்தான். பிறகு அது மானம். புதுச்சேரியில் மாதா கோயில் திருவிழாவிலும் இதே சங்கதி என்று சவரிராயன் 'எட்டு' என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"அத்தான், இது கோயில் இல்லை," என்று காதுக்குள் சொன்னேன்.

"காசு பள்ளிக்கூடத்துக்குத்தானே போகுது? கோயிலை விட நல்லது. பன்ரெண்டு!"

"பதினஞ்சு."

"இருபது!"

முற்றம் திரும்பிப் பார்த்தது. திராமிசு விற்ற தாய் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஓர் உருண்டைக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். அது சரிதான். அக்கா ஒப்பந்தத்தை மறந்து, "ஐயோ, விடுங்கோப்பா, பிள்ளை நிக்கிறாள்," என்று அத்தானின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

பிள்ளை நின்றாள். சிநேகிதிகளை விட்டு வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. தட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கேற்றால் ஓடப்போகிறாள், இனிப் பெற்றோர் கூட்டத்துக்கு நானும் போகமுடியாது என்று முடிவு கட்டினேன். அக்காவும் அதையே நினைத்திருக்கவேண்டும். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாய் ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள், புறப்படுகிறவள்போல.

அபி தட்டை எடுத்தாள். பக்கத்திலிருந்த கதிரையில் ஏறினாள்.

"என் வலப்பக்கம் இருபது ஈரோ!" என்று பிரெஞ்சில் கத்தினாள். "இருபத்தைந்து யார்?"

"இருபத்தஞ்சு," என்றார் சவரிராயன், உடனே.

"ஐயாவுக்கு இருபத்தைந்து! மதாம், முசியே, கடைசி அரஞ்சினி. கூரானது. கையால் பிடித்தது." அவள் ஒருதரம் மூச்சு எடுத்தாள். "என்னுடைய அம்மா பிடித்தது. மாமா இல்லை. மாமா சேஃப் இல்லை, அவர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார், அந்தச் சட்டை வேறு ஆளுடையது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முழங்கையில் தொங்கிய தோளை மேலே இழுத்துவிட்டுக் கையை அசைத்தேன். வேறென்ன செய்ய? கைதட்டினார்கள். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டு அது.

"அம்மா என்ன சொன்னவள் இப்ப?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். மகளை அம்மா என்பது எங்கள் வழக்கம்.

"நீங்கள் செய்ததெண்டு சொல்லுறாள்."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்தான்."

அக்கா கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். வெயில் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்ததுபோல இருந்தது.

ஏலம் நாற்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. அபிக்குக் குரல் கட்டியது, ஆனால் விடவில்லை. தகப்பன் தயங்கியபோது, "பப்பா, புதுச்சேரி வெல்லப்போகுது!" என்று தமிழில் ஏற்றிவிட்டாள். சவரிராயன் தயங்கியபோது, "ஐயா, உங்களுக்கு விருப்பமான மசாலா!" என்றாள். யாரிடம் பழகினாளோ தெரியாது. சங்க விழாக்களில் மூலையில் குந்தித் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தவள் காதை மூடி வைத்திருக்கவில்லைப்போல.

தொண்ணூறில் சவரிராயன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"தொண்ணூத்தஞ்சு."

"யோவ் யாழ்ப்பாணம், எடுத்துக்க. எனக்குப் பென்சியோன் ஒண்ணாம் தேதிதான் வரும்."

"ஒருதரம்!" என்றாள் அபி. முற்றம் முழுக்கத் தமிழில். "ரெண்டுதரம்!" இத்தாலிய ரீச்சரும் பிள்ளைகளும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து கத்தினார்கள். "மூண்டுதரம்!"

அத்தானின் பையில் அவ்வளவு காசு இல்லை. காசோலைப் புத்தகம் இருந்தது. தொகையை எழுத்தில் எழுதவேண்டும் என்று என்னிடம் நீட்டினார். நான் பேனையை எடுக்கமுன் அக்கா அதை வாங்கி மகளிடம் கொடுத்தாள். அபி கதிரையில் இருந்து இறங்கி, மேசையில் எண்ணெய் படாத இடமாய்ப் பார்த்து எழுதினாள். அத்தான் கையெழுத்து வைத்தார்.

உருண்டை ஆறி, பாண்தூள் உதிரத் தொடங்கியிருந்தது. அத்தான் அதை நாலாய்ப் பிய்த்தார். பெரிய துண்டை அக்காவிடம் நீட்டினார். நாற்பதில் அக்கா வாயில் வைத்தது அதுதான். நாங்கள் மூன்று பேரும் அவளுடைய முகத்தைப் பார்த்தோம். மெதுவாய் மென்று விழுங்கினாள்.

"உப்புக் காணாது," என்றாள்.

சோறு சும்மா வந்தது. கிழங்கு, முட்டை, சீஸ், பாண்தூள், எண்ணெய், திரும்ப வாங்கிய ஆட்டிறைச்சி எல்லாம் முப்பத்தாறு ஈரோ நாற்பது சதம். குகன் அண்ணையின் சட்டையைச் சலவைக்குக் கொடுத்தது எட்டு. அத்தானின் காசோலை தொண்ணூற்றைந்து. ஆக மொத்தம் எங்கள் செலவு நூற்று முப்பத்தொன்பது ஈரோ நாற்பது சதம்.